ஏற்கெனவே நனைந்த தலை

வெந்நீர் பிளாஸ்க்கைத் திறந்து ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றியது நான்தான். சென்னை ஏப்ரலில் அதற்குத் தேவையே இல்லை. காலையிலேயே குழாயைத் திறந்தால் கை சுடும். ஆனாலும் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. பச்சைத் தண்ணீர் பட்டுச் சளி பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலிருந்தே பிளாஸ்க்கோடு வந்திருந்தேன். ரசம் வைக்கப் போகிறாயா என்பது போல எங்கள் ஐயர் என்னைப் பார்த்தார்.

ஐயர் என்றதும் மயிலாப்பூர் வாசகர்கள் வேறு யாரையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். தெற்கத்திப் புரொட்டஸ்டண்டுகளான நாங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சர்ச்சுக்கும் கோவில் என்றே பெயர். ஆட்டோக்காரரிடம் "மயிலாப்பூர் கோவிலுக்கு விடுங்க, ஐயர் காத்துக்கிட்டு இருப்பாரு" என்று சொல்லித் தெப்பக்குளத்துக் கரையில் போய் இறங்கிய சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு.

அன்று கோவிலில் எல்லாம் தயார். ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, பீடத்தில் இன்னும் லில்லிப் பூ வாடவில்லை. பாண்டி பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய வெள்ளைக் கவுனுக்குள் என் மகள் இருந்தாள். இருந்தாள் என்பதைவிடத் தொலைந்து போயிருந்தாள் என்பது பொருத்தம். கடையிலேயே சின்ன அளவு அதுதான். பக்கத்து ஹாலில் பிரியாணி தம் போட்டிருந்தார்கள். கேக்கில் ரோஸ் நிறத்தில் 'அக்னெஸ்' என்று எழுதியிருந்தது.

ஐயர் புத்தகத்தைத் திறந்தார். எங்கள் ஐயர் பழைய முறைக்காரர். ஒரு வரி விடமாட்டார். முதல் கேள்வியே இதுதான்: "இந்தப் பிள்ளைக்கு இதற்கு முன் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருக்கிறதா?"

இது சும்மா கேட்கிற கேள்வி. கல்யாணத்தில் 'யாருக்காவது ஆட்சேபணை உண்டா' என்று கேட்பார்களே, அந்த மாதிரி. 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதான். நான் "இல்லை" என்றேன். ஞானப் பெற்றோராக நின்ற என் அக்காவும் அத்தானும் "இல்லை" என்றார்கள்.

என் மனைவி பியூலா மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "ஆயிருச்சு, ஐயரே" என்றாள்.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. அதுவரை அந்தக் கோவிலில் மின்விசிறி சத்தம் போடும் என்பதே எனக்குத் தெரியாது.

இன்னா பிரிவு சார்?

ஈக்காட்டுத்தாங்கலில் பம்புகளுக்கு ரப்பர் வாஷர் அடிக்கும் பட்டறை எனக்கு என்று முன்பே எழுதியிருக்கிறேன். அடுத்த ஷெட்டில் லேத் வைத்திருக்கும் மணி இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கிறவர். போன வாரம் டீக்கடையில் மடக்கினார்.

"நீங்க வேதக்காரங்கன்னு தெரியும் சார். அதுல இன்னா பிரிவு? மாதா கோயிலா, அல்லேலூயாவா?"

"ரெண்டும் இல்ல மணி. ஆங்கிலிக்கன்."

"அப்டின்னா?"

"இங்கிலீஷ்காரன் கொண்டு வந்தது. அதுலயும் ரெண்டு வகை."

"நீங்களுமா சார்?" என்று அவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

மணிக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பியூலாவின் அந்த ஒரு வார்த்தை ஏன் அப்படி விழுந்தது என்று புரியாது.

இங்கிலாந்தில் ஒரே சபைதான். ஆனால் அதற்குள் ஹை சர்ச், லோ சர்ச் என்று இரண்டு மனசு. அந்த இரண்டு மனசும் தனித்தனி மிஷன்களாகக் கப்பல் ஏறி எங்கள் தெற்கத்திச் சீமைக்கு வந்தன. தேரிக்காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மிஷன், அந்தப் பக்கம் இன்னொன்று. எந்த மிஷன் எந்த ஊருக்குப் போனதோ, அந்த ஊர்க்காரர்கள் அந்த வகை. சபைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. போர்டு மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. பிழைக்கச் சென்னைக்கு வந்தபோது கருப்பட்டியோடு அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

நாங்கள் ஹை சர்ச். கோவிலில் முன்னால் இருப்பது எங்களுக்குப் பீடம். பியூலா வீட்டாருக்கு வெறும் மேசை. எங்கள் பீடத்தில் பட்டப்பகலிலும் மெழுகுவர்த்தி எரியும். அவர்கள் கோவிலில் கரண்ட் போனால்தான் எரியும். நாங்கள் நெற்றியில் தொடங்கிச் சிலுவை அடையாளம் போடுவோம். அவர்கள் 'ரோமாபுரிக்கே போயிருங்க' என்பார்கள். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நாங்கள் கிழக்கே திரும்புவோம், இயேசு என்ற பெயர் வந்தால் தலை தாழ்த்துவோம். அவர்கள் நேரே நிமிர்ந்து நிற்பார்கள். எங்களுக்கு நற்கருணை, நாக்கில் வைத்தால் கரையும் மெல்லிய அப்பம். அவர்களுக்குத் திருவிருந்து, பேக்கரி ரொட்டியைப் பிட்டுத் தருவார்கள். எங்கள் பிரசங்கம் ஒரு காபி ஆறும் நேரம். அவர்கள் பிரசங்கத்தில் சோறு வெந்து, குழம்பு கொதித்து, அப்பளமும் பொரித்துவிடலாம்.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஹை சர்ச்சுக்காரன் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், கறி மீன் தொடமாட்டான், சினிமா பார்க்கமாட்டான். ஈஸ்டர் மறுநாள் வட்டியும் முதலுமாகப் பிடித்துவிடுவான். லோ சர்ச்சு வீட்டில் வருஷம் முழுக்க லெந்துதான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். யார் வந்தாலும் அவர்களும் உட்கார வேண்டும், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் உட்பட. அப்புறம், பொய் கிடையாது. பியூலா வீட்டில் மெழுகுவர்த்தியும் கிடையாது, பொய்யும் கிடையாது.

டியூஷன் எதற்கு மாப்ள?

என் மாமியார் வயலட் டீச்சர் வேளச்சேரியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் எதிரே இருப்பவரை மூன்றாம் பெஞ்சாகவே பார்ப்பார்.

கல்யாணமான புதிதில் என் அப்பாவின் நினைவு நாளுக்கு எங்கள் கோவிலில் அவர் பெயரைச் சொல்லி, ஆத்துமா இளைப்பாற ஜெபிக்கச் சொல்லியிருந்தேன். மரித்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் வழக்கம். அது டீச்சர் காதுக்குப் போனது.

"மாப்ள, பரீட்சை எழுதிப் பேப்பரையும் குடுத்தாச்சு. இனிமே டியூஷன் எதுக்கு?"

"பேப்பர் திருத்துறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறோம் அத்தை."

"சிபாரிசா? அங்கயுமா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தார்.

இப்படி எலியும் பூனையுமாக இருந்தாலும் எங்களுக்குள் சிரிப்பு இருந்தது. ஒரே ஒரு விஷயத்தில்தான் சிரிப்பு கிடையாது. அது ஞானஸ்நானம்.

எங்கள் நம்பிக்கையில் அது அடையாளம் மட்டும் அல்ல. தண்ணீரும் வார்த்தையும் சேர்ந்த அந்தக் கணத்தில் பிள்ளை உண்மையாகவே புதிதாகப் பிறக்கிறது. ஆகவே தள்ளிப்போடக் கூடாது. பிள்ளைக்கு உயிர் ஆபத்து என்றால் குருவானவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். அவர்கள் பார்வையில் அது கடவுள் தந்த வாக்குக்கு ஓர் அடையாளம். விசுவாசம்தான் முக்கியம், தண்ணீர் அல்ல. ஊரிலிருந்து சித்தப்பா பெரியப்பா எல்லாம் வந்து சேரட்டும், மெதுவாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்பார்கள்.

கல்யாணப் பேச்சில் நகை, மண்டபம், சாப்பாடு எல்லாவற்றையும் பேசினோம். இதைப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்டது. அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரி. உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனிவரை வராது என்று தோன்றிய உடம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மூக்கில் குழாய், காலில் ஒரு சிவப்பு விளக்கு. கையில் கட்டிய பட்டையில் 'பியூலாவின் குழந்தை' என்று மட்டும் இருந்தது.

வார்டில் ஏதோ தொற்று பரவுகிறது என்று வெளியாட்களை உள்ளே விடவில்லை. தகப்பன் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம். தாய்க்கு மட்டும் அனுமதி, அதுவும் கை கழுவி, கவுன் மாட்டி, சற்று நேரம். ஐயரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா கும்பிட்டு, வேண்டாம் என்றார்.

பிள்ளை பிறந்த தேதி பரிசுத்த அக்னெஸை நினைவுகூரும் நாள் என்று எங்கள் கோவில் காலண்டரில் இருந்தது. எனக்கு அதுவே போதும். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு "அக்னெஸ், அக்னெஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே நிற்பேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும், துடைத்துக்கொள்வேன்.

பிறந்த சில நாட்களில் ஒரு காலை, டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது, இன்றைய பொழுது தாண்ட வேண்டும் என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பியூலா உட்கார்ந்தாள். நான் அவள் முன்னால் நின்றேன்.

"பியூலா, நீ ஊத்து."

"என்னத்த?"

"தண்ணி. உன்னைத்தான் உள்ள விடுறாங்க. தலையில மூணு சொட்டு விழுந்தா போதும். பேரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல கொடுக்குறேன்னு சொல்லணும். அவ்வளவுதான். அவசரத்துக்கு யாரும் செய்யலாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ள மூச்சு விடணும்னு ஜெபம் பண்ணுங்க. போறதுக்குச் சீட்டு எடுக்காதீங்க."

"போகும்னு சொல்லல. ஒருவேளை..."

"ஒருவேளை போனா? தலை நனையலன்னு பச்ச மண்ணை வெளிய நிக்க வைக்குறவரா உங்க கடவுள்? அப்படிப்பட்டவர்கிட்ட என் பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன் அத்தான்."

இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கடவுள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பயம் என்பது தெரிந்ததைக் கேட்டு நடக்கிற ஜாதி இல்லை. என் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல், பெயர்கூட இல்லாமல் போய்விடும் என்ற பயம் என்னை விடவில்லை. அவளோ எழுந்து, கவுனை மாட்டிக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டாள். என் முகத்தில் கதவு மெதுவாக மூடியது.

நான் கீழே போய் வாகன நிறுத்தத்தில் நின்று அழுதேன். காவலாளி வந்து, "வண்டிய ஓரமா போட்டுக்கோ சார்" என்றார். எனக்கு வண்டியே இல்லை.

பிள்ளை அன்றையப் பொழுதைத் தாண்டியது. மறுநாளையும் தாண்டியது. குழாய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மார்ச் மாத வெயிலில், ஒரு துண்டுக்குள் சுற்றி மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

நான் ஜெயித்த சண்டை

வீட்டுக்கு வந்ததும் பெயர்ச் சண்டை தொடங்கும் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு இருந்தேன். பரிசுத்தவான்களின் பெயரை வைப்பது எங்கள் பழக்கம். வயலட் டீச்சர் 'பைபிளில் இல்லாத பெயர் எதற்கு' என்று ஜெமிமா, கெத்சியாள் என்று யோபுவின் மகள்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்.

நான் பியூலாவிடம் வாதங்களை அடுக்கினேன். பிறந்த நாளின் பெயர், உச்சரிக்க எளிது, பள்ளியில் அகர வரிசையில் முதலில் வரும். ஆட்டுக்குட்டியை ஏந்திய பரிசுத்தவதி என்று படம்கூடக் காட்டினேன். அவள் பாட்டிலைக் கொதிக்க வைத்துக்கொண்டே, "சரி, அதையே வைங்க" என்றாள்.

அவ்வளவு சுலபமாக நான் எந்தச் சண்டையிலும் ஜெயித்ததில்லை. பட்டறையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதில்தான் இழுத்தாள். "என்ன அவசரம், பாக்கலாம்" என்பாள். லோ சர்ச்சு ரத்தம், வேறெப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நானும் நின்றேன். கடைசியில், "உங்களுக்கு நிம்மதின்னா வைங்க" என்றாள். அவள் வளர்ந்த கோவிலில் சுருக்கமான முறை. முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கமே அங்கே இல்லை. பேசாமல் நின்றுவிட்டு வந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். எங்கள் ஐயர் ஒரு வரி விடாதவர் என்பது அவளுக்குத் தெரியாது.

நேருக்கு நேர் கேட்டுவிட்டார். அவளுக்கோ பொய் வராது.

நான்கு கேள்விகள்

ஐயர் பதறவில்லை. புத்தகத்தில் வேறு ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார். அவசரத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையைச் சபையில் ஏற்றுக்கொள்ளும் முறை என்று தனியே ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்தது அன்றுதான்.

"பிள்ளைக்கு இருமுறை ஞானஸ்நானம் கொடுக்க முடியாது" என்று சபைக்குச் சொன்னார். "அது முறைப்படி நடந்திருந்தால் இன்று நான் தண்ணீரைத் தொடமாட்டேன். நடக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டும். நான் விசாரித்துத்தான் ஆக வேண்டும், அம்மா."

அந்த நடையும் அந்தக் காலையும் கண்முன் வந்தன. ஐயர் 'செல்லாது' என்று ஒரு வார்த்தை சொன்னால், எங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளில் அவள் தனியாகச் செய்தது ஒன்றுமே இல்லை என்று ஊர் நடுவில் ஆகிவிடும். ஒரு நிமிஷத்துக்கு முன்வரை எனக்குத் தெரியாத ஒன்றை, இப்போது யாரும் பறித்துவிடக் கூடாது என்று இருந்தது.

"யார் கொடுத்தது?"

"நான்தான், ஐயரே."

முன்வரிசையில் வயலட் டீச்சர், "நீயா?" என்றார். அவர் மெதுவாகப் பேசியதாகத்தான் நினைத்திருப்பார். டீச்சர் குரல், பீடம்வரை போனது.

"அப்போது யார் கூட இருந்தார்கள்?"

"தேவி சிஸ்டர்." பியூலா திரும்பி, கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

அந்த வார்டு நர்ஸ் தேவியை நாங்கள் அழைத்திருந்தோம். பட்டினப்பாக்கத்துக்காரர், மீன்பிடி குடும்பம். நெற்றியில் குங்குமமும் தலை நிறைய மல்லிகையுமாக, கையில் பரிசுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

"ஆமா ஃபாதர். நான் பக்கத்துல தான் நின்னுகினு இருந்தேன். டாக்டரம்மாவாண்ட கேட்டுட்டு தான் செஞ்சோம். சாமி விஷயம்னா ரெண்டு சொட்டு போதும், சீக்கிரம்னாங்கோ."

"எதைக் கொண்டு கொடுத்தீர்கள்?" என்று பியூலாவிடம் கேட்டார் ஐயர்.

"தண்ணி. ஊசி மருந்து கலக்குற சுத்தத் தண்ணி, ஐயரே. ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து விட்டேன்."

ஐயர் யோசித்தார். எனக்கு அவர் யோசனை தெரியும். தண்ணீர் தலையில் பட்டு ஓட வேண்டும். ஈரப் பஞ்சால் தொட்டு எடுத்தால் போதாது. அவர் தேவியைப் பார்த்து, "தண்ணீர் ஓடியதா, அம்மா?" என்றார்.

"ஓடிச்சு ஃபாதர். நெத்தியில வுழுந்து, கன்னத்துல வழிஞ்சி, காதாண்ட வந்துது. உள்ள போயிடப் போவுதேன்னு நான் தான் பஞ்சு வச்சித் தொடச்சேன்."

ஐயரின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார்.

"என்ன வார்த்தை சொன்னீர்கள்?"

பியூலா கண்ணை மூடிக்கொண்டாள். "அக்னெஸ், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு சொன்னேன்."

அக்னெஸ். நான் வாதாடி ஜெயித்த பெயர், பட்டறை முழுக்க வடை வாங்கிக் கொடுத்த பெயர். சண்டை தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அவள் அதை வைத்து முடித்துவிட்டிருக்கிறாள். எனக்கு மூக்கு உடைந்தது. அதே நேரம் கண்ணும் நிறைந்துவிட்டது, எதைத் துடைப்பது என்று தெரியவில்லை.

ஐயர் புத்தகத்தை மூடினார். "எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. இந்தப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவள். நான் செய்ய வேண்டியது மிச்சம் ஒன்றுமில்லை" என்று சொல்லி, பிள்ளையை வாங்கி, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து சபைக்குக் காட்டினார். அக்னெஸ் வாய் கோணிக் கொட்டாவி விட்டாள்.

நான் வெந்நீர் கலந்த தண்ணீரைக் கோவில் தோட்டத்து நாகலிங்க மரத்தடியில் கொட்டினார்கள்.

மீசையில் மண்

ஹாலில் பிரியாணி பரிமாறும்போது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமியார் பக்கம் போனேன். ஆபத்து வேளையில் லோ சர்ச்சு மகளே எங்கள் முறைக்கு வந்துவிட்டாள் என்பதை எப்படி நாசூக்காகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

டீச்சர் முந்திக்கொண்டார். "பாத்தீரா மாப்ள? பீடம் இல்ல, மெழுகுவர்த்தி இல்ல, அங்கி போட்ட ஐயரும் இல்ல. எம் பொண்ணு குடுத்தா, செல்லிட்டு. எல்லா விசுவாசியும் ஆசாரியர்தாம்னு நாங்க சொல்லுதோம்லா? இன்னைக்கு உங்க ஐயரே ஒத்துக்கிட்டாரு."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத குடும்பம். நான் ஒரு கோழித் துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

தேவி சிஸ்டர் கேக்கைப் பார்த்து, "பேரு கரெக்டா போட்டுக்கிறாங்கோ" என்றார்.

பறக்கும் ரயில்

சாயங்காலம் டீச்சரை வேளச்சேரியில் விட்டுவிட்டுப் பறக்கும் ரயிலில் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை, பெட்டியில் எங்களைத் தவிர ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மட்டும். பியூலா ஜன்னலோரம், மடியில் அக்னெஸ்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா ஜெயிச்சிட்டேன்னு நீங்க ஆடுவீங்க. அம்மா தோத்துட்டேன்னு அழுவாங்க. எனக்கு அது அந்தச் சண்டைக்குள்ள போக வேண்டாம்னு இருந்துச்சு."

"பேரு?"

"வேற எது வாயில வரும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நாள் முழுக்க அதையே சொல்லிட்டு இருந்தீங்க. அவளுக்கு அந்தப் பேருதான் தெரியும்."

ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அடையாறு அன்று வெயிலில் அழகாகவே இருந்தது, நாற்றம் மட்டும் வழக்கம்போல.

"இப்பவும் சொல்றேன் அத்தான். அந்தத் தண்ணியால அவ பிழைக்கல. அது இல்லாமப் போயிருந்தாலும் ஆண்டவர் அவளைச் சேத்துக்கிட்டிருப்பார்."

"பின்ன ஏன் ஊத்துன?"

அவள் பிள்ளையின் தலைத் துணியைச் சரி செய்தாள். மறுபடியும் சரி செய்தாள்.

"பிறந்ததுலருந்து நான் அவளைத் தொடவே இல்ல. தொட்டா மூச்சு இறங்குதுன்னு விடல. அன்னைக்கு உள்ள போய், ஒரு தடவை தொட்டுக்கிறேன்னு கேட்டேன். வேண்டாம்மான்னாங்க. மறுபடி கெஞ்சினேன், விடல. அப்புறம்தான் ஞானஸ்நானம் கொடுக்கணும்னு சொன்னேன். உடனே டாக்டரம்மாகிட்ட கேட்டு, பெட்டியில கை விடுற அந்தக் குட்டிக் கதவைத் திறந்தாங்க. கதவு திறக்கத்தான் கேட்டேன். ஆனா வாயைத் திறந்தப்புறம் பொய்யாச் சொல்ல வரல. உண்மையாத்தான் சொன்னேன். சொல்லி முடிச்சும் கையை எடுக்கல. சிஸ்டரும் ஒண்ணும் சொல்லல."

ஐயரின் நான்கு கேள்விகளில் 'ஏன்' என்ற கேள்வி இல்லை. இருந்திருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்குமோ, தெரியாது. இதுவரை நான் அவரிடம் சொல்லவும் இல்லை. இந்த வாரப் பத்திரிகையைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். இனி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை நெற்றியில் அவரே சிலுவை வரைந்துவிட்டார்.

அக்னெஸ் தூக்கத்தில் தாயின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். பியூலாவுக்குக் கை மரத்துப் போயிருக்கும் என்று நினைத்து, வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினேன்.

"இருக்கட்டும்" என்றாள். எங்கள் ஸ்டேஷன் வந்து இறங்கும்வரை கொடுக்கவில்லை.